ஒன்றரைக் கட்டை

என் நோட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரி ஒதுக்குவேன். அதில் ஏழு கட்டங்கள்: தேதி, ஊர், மண்டபம், விசேஷம், தொடங்கி முடிந்த நேரம், நான் பாடிய பாட்டுகள், ஸ்கேல். ஏழாவது கட்டத்தில் எப்போதும் ‘ஒ’ என்று ஒரே எழுத்துதான் இருக்கும். ஒரிஜினல் என்பதன் சுருக்கம் அது. கேசட்டில் ஒரு பாட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, மேடையிலும் அரைக் கட்டை இறங்காமல் அதே உயரத்தில் பாடினேன் என்று பொருள். சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வது எங்கள் வழக்கம்.

இருபது வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். பதின்மூன்று வருஷம் பாடினேன். ஒன்பது நோட்டுகள் ஆயின. அத்தனையிலும் ‘ஒ’. அவற்றில் பாதிக்கு மேல் பொய் என்பது முப்பத்து மூன்றாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆரணியில் எங்கள் வீடு நெசவு வீடு. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த தறிகளில் உட்கார்ந்திருப்பார்கள். கூடத்தில் பாடினால் தறிச் சத்தத்தில் அமுங்கிப் போகும். உச்சத்தில் பாடினால் மட்டும் கேட்கும். அதனால் சின்ன வயதிலிருந்தே உச்சத்தில் பாடிப் பழகினேன். சித்தி வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள்.

“இன்னாடி இது, கோழி அறுக்கற மாதிரி கத்திகினு இருக்க? மாப்ள வூட்டுக்காரன் காதுல வுழுந்தா பாதி வழியிலயே திரும்பிடுவான்.”

குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கீபோர்டு வாசிப்பவர். பள்ளிக்கூட விழாவில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். “நைனா, இந்தப் பக்கத்துல போளூர்லருந்து செய்யார் வரைக்கும் தேடிட்டேன். இந்த மாதிரி மேல போற கொரலு கெடையாது. ராத்திரி ஜல்தியா கொண்டாந்து வுட்டுர்றேன். எம்பொறுப்பு” என்றார். அப்பா தறியிலிருந்து இறங்கவில்லை. கொஞ்ச நேரம் நெய்துவிட்டு, “சரி” என்றார்.

குழு சின்னது. மாஸ்டரின் கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு டோலக். கிட்டார் கிடையாது. பாடுவதற்கு இரண்டு பேர். ஆண் குரலுக்கு ஓர் அண்ணன் இருந்தார். தாலுகா ஆபீசில் எழுத்தர். பெண் குரலுக்கு நான். சேர்ந்த மூன்றாம் வருஷம் ரிதம் பேட் வாசித்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன். “கச்சேரிக்குப் போன எடத்துல மாப்ளையும் புடிச்சிட்டா, செலவு மிச்சம்” என்றாள் சித்தி.

நாங்கள் பாடியது பெரும்பாலும் கல்யாண வரவேற்புகளில்தான். மாலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்துக்கு முடியும். வரவேற்பில் யாரும் பாட்டுக் கேட்க வருவதில்லை. மொய் எழுதுவார்கள், மேடை ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பந்திக்குப் போவார்கள். ஆனால் முதல் நாலு வருஷங்களில் நான் உச்சத்துக்குப் போகும் இடத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, கை கழுவாமல், வாசல்படியில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் வரியின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். புள்ளி என்றால் எட்டிப் பார்த்தார்கள் என்று அர்த்தம். முதல் மூன்று நோட்டுகளில் புள்ளிகள் நிறைய. பிறகு குறைந்துகொண்டே போயின. ஜனங்களுக்கு டி.வி. பார்த்துப் பழகிவிட்டது, பாட்டு சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மேடைக்கு நான் கட்டிய பட்டுப் புடவைகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. ஊரில் ஒரு பட்டுக் கடைக்காரர் நிகழ்ச்சிக்கு ஒன்று கொடுத்தனுப்புவார். மூன்றாவது பாட்டு முடிந்ததும், பாடகி உடுத்தியிருப்பது இந்தக் கடைப் பட்டு என்று அண்ணன் மைக்கில் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குள் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்குளில் கர்ச்சீப்பை மடித்து வைத்துக்கொண்டுதான் பாடுவேன். ஜனங்கள் கைதட்டும்போது நான் கையை உயர்த்தக் கூடாது. என் உடம்புச் சூடு ஆறாத அந்தப் புடவைகளை எத்தனையோ பெண்கள் புதிதென்று வாங்கி முகூர்த்தத்துக்குக் கட்டியிருப்பார்கள்.

மாஸ்டருடைய கீபோர்டில், எண்கள் தெரியும் சின்னக் கண்ணாடித் திரையின் மேல் ஒரு சரஸ்வதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மைக்கைப் பிடிப்பேன்.

வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. புதுப் பாட்டு வந்தால் கேசட்டைப் போட்டுக் கூடவே பாடிப் பழகுவேன். ஐந்தாம் வருஷம் ஒரு நாள், முந்தின ராத்திரி மேடையில் பாடிய பாட்டையே போட்டுப் பாடியபோது கேசட் என் குரலைவிடக் கொஞ்சம் மேலே போனது. தூக்கிக்கொண்டு பஜாரில் இருந்த ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன்.

“பெட்டி வேகமா ஓடுதுங்க” என்றேன்.

“வேகமாவா? பெல்ட் தளந்தா மெதுவாத்தான் ஓடும்ங்க. வேகமா ஓடாதே.”

“நேத்து மேடையில பாடிட்டு வந்து சொல்றேன். கீபோர்டு பொய் சொல்லுமா?”

அவர் பெட்டியின் முதுகைக் கழற்றினார். மோட்டாரின் பின்னால் கடுகளவு ஒரு திருகு இருந்தது. நான் பக்கத்தில் நின்று மேடைச் சுருதியில் முனக முனக, அவர் திருகைத் திருப்பிக் கேசட்டை என் சுருதிக்கு இறக்கினார். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: “டேப் வேகமாக ஓடியது. சரி செய்யப்பட்டது.” ஏழாம் வருஷம் அதே வரியை மறுபடி எழுதினேன். பத்தாம் வருஷம் மூன்றாவது தடவை. அப்போது அந்த மெக்கானிக், “உங்க பெட்டி ஒண்ணுதாம்மா வயசாக வயசாக வேகம் புடிக்குது” என்றார். நானும் சிரித்தேன்.

பதின்மூன்றாம் வருஷம் ஒரு வரவேற்பில், மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்தார். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மேனேஜராக இருப்பதாகச் சொன்னார். பெரிய பாடகிகள் வந்து பாடுவதற்கு முன்னால், அவர்கள் கேட்டுப் பழகுவதற்காக யாராவது ஒருவர் முழுப் பாட்டையும் பாடிப் பதிவு செய்து வைக்க வேண்டும். அதற்கு டிராக் பாடுவது என்று பெயர். பேர் வராது, குரலும் வெளியே வராது. ஆனால் மாதத்தில் பாதி நாள் வேலை இருக்கும். “வந்து ஒரு டெஸ்ட் குடுத்துட்டுப் போங்கம்மா” என்றார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. பதின்மூன்று வருஷம் பந்திச் சத்தத்துக்கு நடுவில் பாடியாகிவிட்டது. நான்கு சுவருக்குள் தட்டுச் சத்தமோ குழந்தை அழுகையோ இல்லாமல் ஒரு பாட்டை முழுதாகப் பாட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பேர் வராவிட்டால் என்ன என்று தோன்றியது. கணவர் “போய்த்தான் பாப்பமே” என்றார்.

சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும்.

“எந்த ஸ்கேல்ல பாடுவீங்க மேடம்?”

“கேசட்டுல எப்டி இருக்குதோ அப்டியே பாடுவேன். இதுவரைக்கும் கொறச்சதே கெடையாது” என்றேன். இதைச் சொன்னபோது என் குரலில் இருந்த கர்வம் எனக்கு இன்றும் கேட்கிறது.

“சூப்பர் மேடம். அப்ப ஈஸி.”

அவர் போட்டது பழைய பாட்டு. என் நோட்டுக் கணக்குப்படி அதை நான் நூற்று நாற்பத்தாறு முறை மேடையில் பாடியிருந்தேன். காதில் வாத்தியம் தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

“தம்பி, கொஞ்சம் வேகமா ஓடுறாப்ல இருக்குது. பாருங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கம்ப்யூட்டர் மேடம் இது. வேகமால்லாம் ஓடாது.”

அந்த நிமிஷம் மெக்கானிக் கையில் இருந்த திருப்புளி ஞாபகம் வந்தது. ஆனால் யோசிக்க நேரமில்லை. பல்லவி எப்படியோ போனது. சரணத்தில், பந்திக்காரர்களை வாசல்வரை இழுத்த அதே இடத்தில், குரல் இரண்டாகக் கிழிந்தது. மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் கிழிந்தது. மூன்றாம் தடவை அந்த இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன்.

“கொஞ்சம் எறக்கிப் போடறீங்களா தம்பி?”

“பெரிய பாடகிங்க பாடற ஸ்கேல் இது மேடம். எறக்கினா அவங்களுக்கு யூஸ் ஆவாது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கிளம்பும்போது மேனேஜர் வந்து, “சொல்லி அனுப்பறோம்மா” என்றார். பெண் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பவர்கள் பேசும் குரல் அது.

பஸ்ஸில் கணவர் வேர்க்கடலை வாங்கினார். நான் சாப்பிடவில்லை. வீடு வந்ததும் நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். டேப் வேகமாக ஓடிய வரிகள் மூன்று. பதின்மூன்று வருஷத்தில் டேப் ஒரு தடவைகூட வேகமாக ஓடியதில்லை. நானே மூன்று தடவை தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று, அதைக் கெடுத்து வாங்கி வந்திருக்கிறேன். இறங்கியிருந்தது மேடையில் இருந்த கீபோர்டு.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாஸ்டர் வீட்டு மாடிக்குப் போனேன். ஒத்திகை நடக்கும் இடம் அது. யாரும் வந்திருக்கவில்லை. கீபோர்டின் ஸ்விட்சைப் போட்டேன். சரஸ்வதி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். வருஷக்கணக்கில் நான் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாகியிருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது. அடியில், திரையின் மூலையில், ஒரு கழித்தல் குறியும் மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. பட்டனை ஒரு தட்டு தட்டினால் மொத்தச் சுருதியும் அரைக் கட்டை இறங்கும். மூன்று தட்டுக்கு ஒன்றரைக் கட்டை.

மாஸ்டர் டீயோடு மேலே வந்தார்.

“இன்னாமா, காலங்காத்தால சரஸ்வதிய சொரண்டிகினு இருக்க?”

“மாஸ்டர், இது இன்னா மூணு?”

டீயைக் கீழே வைத்தார். அதிர்ச்சி எதுவும் முகத்தில் இல்லை. “அதுவா? அண்ணனுக்காவ வச்சது. டூயட்ல அவரால மேல போவ முடியல. தொண்ட நரம்பு பொடச்சிகினு நிக்கிது. பாக்கப் பாவமா இருந்துச்சி.”

“எப்ப வச்சீங்க?”

“எப்பன்னு உன்ன மாதிரி நோட்டுலயா எழுதி வச்சிகினு இருக்கறேன்? அப்பப்போ ஒண்ணொண்ணா கொறச்சதுதான்.”

“டூயட்டுக்குக் கொறைங்க. நான் தனியா பாடறப்ப ஏத்தி வச்சிருக்கலாம் இல்ல?”

“பாட்டுக்குப் பாட்டு பட்டன தட்டிகினு இருந்தா அவரு பாக்க மாட்டாரா? அவருக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா அன்னியோட மைக்க வச்சிட்டுப் போயிடுவாரு. அப்புறம் குரூப்பு ஏது? பேனர்ல அவரு போட்டோதான இருக்குது?”

“எனக்காச்சும் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா இன்னா பண்ணியிருப்ப? நோட்டுல எழுதியிருப்ப. அவரு என்னிக்காச்சும் அதப் படிச்சிருப்பாரு. பேஜாரு.” டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். “உனக்கு இன்னா கொறஞ்சி போச்சி? கைதட்டு கொறஞ்சிதா, சாப்பாடு கொறஞ்சிதா?”

புள்ளிகள் குறைந்தன என்று சொல்ல நினைத்தேன். அவருக்குப் புரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். பேட் வாசிக்கும் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “தெரியும்” என்றார். “மூணாவது வாட்டி கொறச்சப்ப மாஸ்டர் சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு.”

“நான் யாரோவா?”

“உனக்கும் சௌகரியமாத்தான இருந்துச்சி? முன்னல்லாம் கச்சேரி முடிஞ்சா ரெண்டு நாளைக்குத் தொண்ட கட்டிகினு பேசவே மாட்ட. இப்ப அதெல்லாம் கெடையாதுன்னு நீயே எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தியே.”

அது உண்மை. பழக்கத்தில் தொண்டை தேறிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் என்னை அதிகம் எரித்தது அந்த உண்மைதான். சென்னை போகும்போதும் அவருக்குத் தெரியும். போகிற வழியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முன்கூட்டியே நாலு மாதம் அவகாசம் கேட்டு, பழகிக்கொண்டு போயிருப்பேன். “போய்த்தான் பாப்பமே” என்று மட்டும் சொன்னார்.

ஒரு சுருதிப் பெட்டி வாங்கினேன். திருகு இல்லாத பெட்டியா என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, நாலு மாதம், உண்மையான உயரத்தில் சாதகம் செய்தேன். முதல் அரைக் கட்டை மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. இரண்டாவதுக்கு ஏழு வாரம். மூன்றாவது சில நாள் வரும், சில நாள் வராது. வந்தாலும் பழைய குரலாக இல்லை. தேய்ந்த நூல்போல இருந்தது. எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். மேனேஜருக்குப் போன் செய்தபோது, ஏற்கெனவே இரண்டு பெண்களை வைத்துக்கொண்டாகிவிட்டது என்றார்.

இதற்கிடையில் குழுவில் பாடிக்கொண்டுதான் இருந்தேன். நோட்டில் ‘ஒ’ போடுவதை நிறுத்தி, மூன்றுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டேன். மாஸ்டர் திரையின் மேல் புதிதாக ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.

தை மாதம், ஆரணியிலேயே ஒரு வரவேற்பு. நாலாவது பாட்டு டூயட். அது தொடங்குவதற்கு முன்னால் மறுபடி பிள்ளையாரைத் தொட்டேன். அன்று இரண்டாவது தடவையாகத் தொட்டதை யாரும் கவனிக்கவில்லை. பக்தி அதிகம் என்று நினைத்திருப்பார்கள். கையை எடுக்கும்போது பட்டனை மூன்று முறை மேலே தட்டினேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. நாலு நாளாக யோசித்துத்தான் செய்தேன். தனிப் பாட்டுக்கு ஏற்றியிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. டூயட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

பல்லவியின் இரண்டாவது அடியில் அண்ணன் குரல் உடைந்தது. மைக்கைத் தள்ளிப் பிடித்தார். மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. முன் வரிசையில் இருந்த பையன்கள் அவரைப் போலவே இழுத்துக் காட்டிச் சிரித்தார்கள். மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கை பட்டனுக்கு வந்தது. நான் என் கையை அதன் மேல் வைத்தேன்; அவர் என்னைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் பாட்டின் நடுவில் சுருதியை இறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கணவர் தலை நிமிராமல் பேட் தட்டிக்கொண்டிருந்தார்.

சரணம் என்னுடையது. அந்த இடம் வந்தது. தொட்டேன். மெல்லிய குரல், நடுக்கமும் இருந்தது. ஆனால் அதே உயரம். பந்திக் கூடத்து வாசலைப் பார்த்தேன். ஒருவர் வேகமாக வந்தார். பெண்ணுக்குப் பெரியப்பா. மேடை ஓரத்தில் நின்று மாஸ்டரிடம், “அந்தம்மா ரொம்பக் கத்தறாங்கபா. எல போட்டாச்சு, சவுண்ட கொஞ்சம் கொறச்சி வை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சுடுதண்ணீர் கேட்டார். முகம் வெளுத்திருந்தது. “இன்னமோ தெர்லம்மா, இன்னிக்குத் தொண்டையே சரியில்ல. காலையில மோர் சாப்ட்டேன், அதுதான்” என்றார். நான் “ஆமாண்ணா, பனியும் சேந்துகினு இருக்கும்” என்றேன். நாலு நாள் யோசித்தபோது இந்த இடம் வரை நான் யோசித்திருக்கவில்லை. அடுத்த பாட்டுக்கு மாஸ்டர் இறக்கிவிட்டார். அண்ணன் நன்றாகப் பாடினார். கைதட்டினார்கள்.

அதன் பிறகு எனக்கு நிகழ்ச்சி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் இடத்துக்கு வேறொரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கடைப் புடவை இப்போது அவளுக்குப் போனது. கணவர் அதே குழுவில் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்து மேடையில் நடந்ததைச் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

ஒன்பது நோட்டுகளையும் திருத்துவதற்குப் பதினொரு நாள் ஆனது. டேப் ரிப்பேர் செய்த மூன்று தேதிகளை வைத்து எல்லை வகுத்து, ‘ஒ’ மேல் சிவப்பு மையில் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதினேன். அந்தத் தை மாத வரவேற்பின் வரியில், நாலாவது பாட்டுக்கு மட்டும் தனியாக ‘ஒ’ என்று எழுதியிருக்கிறேன். ஓரத்தில் புள்ளி இல்லை.

இரண்டு வருஷம் கழித்து தாலுகா ஆபீசுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, பக்கத்து மேஜைக்காரரிடம் அறிமுகப்படுத்தினார்.

“எங்க குரூப்புல பாடிகினு இருந்தவங்க. கேட்டுப் பாருங்க சார் இவங்கள. நாப்பத்தேழு வயசு எனக்கு. இன்னிக்கும் எல்லாப் பாட்டும் ஒரிஜினல் ஸ்கேல்தான். அரைக் கட்ட கொறச்சதில்ல. சொல்லும்மா.”

பக்கத்து மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். கைப்பையில், எங்கே போனாலும் கூடவே வரும் கடைசி நோட்டு இருந்தது, அந்தத் தை மாத வரியோடு.

“ஆமா சார்” என்றேன். “கொறச்சதே கெடையாது.”